மேகத்துக்குள் இரண்டு சங்கு

பெங்களூர் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, துண்டுகளுக்கு நடுவே படுத்திருந்த மூன்று சங்குகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் சங்குகளைப் பார்த்தார்.

"சிங்கப்பூர்லேர்ந்து இந்தியாவுக்குச் சங்கா?"

"ஆராய்ச்சிக்கு சார்."

"எதை ஆராயணும்? ஊதுனா சத்தம் வரும். அவ்வளவுதானே? எங்க, ஊதிக் காட்டுங்க."

எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. நான் ஒரு சங்கை எடுத்து, மூச்சை நிறைய இழுத்து, கன்னம் இரண்டும் வெடிக்கிற மாதிரி ஊதினேன். பஞ்சரான சைக்கிள் டியூப் மாதிரி ஒரு 'புஸ்' வந்தது. இன்னொரு முறை ஊதினேன். இன்னும் கொஞ்சம் எச்சிலோடு அதே 'புஸ்'. வரிசையில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரி பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார். "போங்கம்மா. இத வெச்சு நீங்க யாருக்கும் எந்தக் கெடுதலும் பண்ண முடியாது."

அவர் சொன்னது என் ஆராய்ச்சிக்கும் பொருந்தும் என்பதுதான் அன்று என் கவலை.

நான் சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழு நேபாளத்தின் வடக்கே, மரமே முளைக்காத உயரத்தில், இடிந்துபோன காவல் கோபுரங்களைத் தோண்டிக்கொண்டிருந்தது. ஒரு பள்ளத்தாக்கின் இந்தக் கரையில் ஒன்று, எதிர்க்கரையில் ஒன்று என்று அவை நிற்கும். அந்தக் காலத்து மனிதர்கள் ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்கு எப்படிச் சேதி சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. இரவில் நெருப்பு, பகலில் புகை என்றார் என் பேராசிரியர் லிம். ஆனால் ஒரு கோபுரத்தின் மூலையில், மண்ணுக்கடியில், வாய் உடைந்த சங்கு ஒன்று என் கையில் அகப்பட்டது. நான்கு அடி நடந்தால் மூச்சு வாங்குகிற அந்த இடத்தில் கடல் சங்கு! அதுவும் நம் ராமேஸ்வரம் பக்கத்துக் கடலில் கிடைக்கிற ரகம். அன்று கூடாரத்துக்குள் நான் ஆடிய ஆட்டத்தில் ஒரு கம்பி வளைந்துவிட்டது.

"ஒரு கரையில் ஊதினால் மறுகரையில் கேட்கும் என்று நிரூபி. இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு" என்றார் லிம். நேபாளப் பாதைகள் பனியில் மூடியிருந்தன. பெங்களூரில் ஒலியை அளக்கும் ஆய்வுக்கூடம் இருந்தது. பக்கத்தில் மலைகளும் இருந்தன. அதே அளவில் மூன்று சங்குகளைச் சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒரு வாரம்தான் அவகாசம்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஸ்டெல்லா அக்கா வீட்டில் தங்கினேன். என் அம்மாவின் தோழிக்குத் தங்கை. தொலைபேசி நிலையத்தில் வேலை. எதிர்முனையில் இருப்பவருக்குக் காது கேட்காது என்ற நம்பிக்கையோடுதான் எல்லோரிடமும் பேசுவார். நான் போய் இறங்கியதுமே ஆட்டிறைச்சிக் குழம்பும் இடியாப்பமும் வைத்து, எதற்காக வந்திருக்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"மை காட்! ஒரு மலையிலேர்ந்து இன்னொரு மலைக்கு டிரங்க் கால்! அவ்ளோதானேம்மா? நம்ம டிபார்ட்மென்ட்டுதான்!"

மறுநாள் காலை, தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து தங்கராஜ் என்பவரைக் கூப்பிட்டு என்னை ஏற்றிவிட்டார். நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. முன்கண்ணாடியில் சின்னதாக ஒரு புத்தர் படம். வண்டியை அவர் ஓட்டினார் என்று சொல்வதைவிடப் பாய்ச்சினார் என்பதே சரி. சிங்கப்பூரில் விளக்கு பச்சையாகும்வரை நிற்போம். இங்கே விளக்கு என்பது ஒரு யோசனை மட்டுமே. எதிரே மாடு, பக்கவாட்டில் பேருந்து, நடுவில் நாங்கள். பயத்தில் கத்த நினைத்தேன், வந்ததோ சிரிப்பு.

ஒரு வேகத்தடையில் வண்டி எகிறியது. என் பை சரிந்து, சங்கு ஒன்று உருண்டு அவர் காலடியில் போய் நின்றது. சடக்கென்று பிரேக் போட்டார்.

"யாரு மேடம் தவறிட்டாங்க?"

"யாரும் இல்லைங்க. ஆராய்ச்சிக்குக் கொண்டு வந்தது."

"எதுக்கா இருந்தாலும் உள்ள வைங்க மேடம். என் வண்டியில அது வேணாம்." குனிந்து எடுத்துக்கூடத் தரவில்லை. நானே கையை நீட்டி எடுத்துக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு உதவ ஒப்புக்கொண்டிருந்தவர் அனந்து. மைசூர் சமஸ்தான காலத்திலேயே அரசு வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். என்னிடம் தமிழ், உதவியாளரிடம் கன்னடம், கணினியிடம் ஆங்கிலம் என்று ஒரே மூச்சில் மாறி மாறிப் பேசுவார். ரப்பர் உதடுகள் வைத்து, காற்றுக் குழாய் பொருத்தி, சங்கு ஊதும் இயந்திரம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொத்தானை அழுத்தினார். குக்கர் விசில் அடித்தது. அழுத்தத்தைக் கூட்டினார். எருமை ஒன்று கனைத்தது. இன்னும் கூட்டினார். ரப்பர் உதடு பிய்ந்து பறந்து உதவியாளர் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணணும்" என்றார் அனந்து.

இரண்டு நாள் அட்ஜஸ்ட் செய்தார். எருமை மட்டும் கொஞ்சம் இளமையானது. இடையில் மல்லேஸ்வரத்தில் ஒரு கோவில் அர்ச்சகரைப் பிடித்தோம். பிரமாதமாக ஊதினார். ஆனால் சன்னதியை விட்டு மலைக்கெல்லாம் வருவதற்கில்லை என்று சொல்லி, ஆளுக்கொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அனந்துவும் நானும் ஆய்வுக்கூட வாசல் கடையில் நின்று பை-டூ காபி குடித்தோம். ஒரு காபியை வாங்கி இரண்டு தம்ளரில் பிரித்துக் கேட்கலாம், கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார் என்பது எனக்குப் பெரிய அதிசயம். எங்கள் ஊரில் இப்படிக் கேட்டால் உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். தோற்றுப்போன துக்கத்திலும் இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்ததைத் தங்கராஜ் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும்.

"என்ன மேடம், பேஜாரா?"

"ஊதுறதுக்கு ஆள் கிடைக்கலைங்க. கிடைக்கலைன்னா வெறுங்கையோட போகணும்."

அடுத்த திருப்பம்வரை ஓட்டினார். பிறகு, விருப்பமே இல்லாத குரலில் சொன்னார்: "என் பொண்டாட்டி தம்பி ஒருத்தன் இருக்கான். வேலு. ஈஜிபுராவுல. பெயிண்டர். சாவுக்கு ஊதப் போவான். வேணாம்டான்னு நான் எவ்வளவோ சொல்லிட்டேன், கேக்கறதில்ல."

வண்டியை அப்படியே திருப்பச் சொன்னேன்.

ஈஜிபுராவில் வேலுவின் வீடு ஒரு வரிசை வீட்டில் நடுவில் இருந்தது. எதிர்வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரம். வேலு முழங்கைவரை பச்சைப் பெயிண்டோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் விரிந்துவிட்டது. "எவரெஸ்ட்டா மேடம்?" "அதுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்." "சூப்பர்!" என்றவர், நான் வேண்டாம் என்பதற்குள் சங்கை வாங்கி, வாசலில் நின்று, ஊதியும் விட்டார்.

என் எலும்புக்குள் ஓடியது அந்தச் சத்தம். சந்து முழுக்க நிறைந்து, ஓட்டின் மேலே ஏறி, எங்கோ போய்க்கொண்டே இருந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். அதற்குள் கதவுகள் திறந்தன. ஒரு பெண் கையில் மாவோடு ஓடிவந்தாள். இரண்டு ஆண்கள் தோளில் துண்டு போட்டுக்கொண்டே வந்தார்கள். யாரோ கடைசி வீட்டுப் பக்கம் ஓடி, "பெரியவருக்கு என்னாச்சு?" என்று கதவைத் தட்டினார்கள். அந்தப் பெரியவரே வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

"யாருப்பா போனது?"

"நீங்கதான்னு நெனச்சோம்!"

"நானா? நான் இன்னும் டிபனே சாப்புடலியே!"

சந்தே குலுங்கிச் சிரித்தது. ஊதக் காரணமான நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மாவுக் கைப் பெண் எனக்குச் சுடச்சுட ஒரு போண்டா கொடுத்து மன்னித்தாள்.

தங்கராஜ் மட்டும் சிரிக்கவில்லை. வேலுவின் மனைவி காபி கொண்டுவந்து வைத்த பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எங்கப்பா ஊதுனாரு மேடம். ஊருல எவன் செத்தாலும் ஆள் அனுப்புவான். போயி வாசலுக்கு வெளியவே நிக்கணும். சோத்தக்கூட ஒதுக்குப்புறமா குந்திதான் துன்னணும். எனக்கும் கத்துக் குடுத்தாரு. அவரு போனதும், எவன் வூட்டு வாசல்லயும் போயி நிக்கமாட்டேன்னு முடிவு பண்ணேன். புத்த மார்க்கத்துக்கு வந்துட்டேன். அதுலேர்ந்து தொட்டதில்ல."

"இப்ப என்ன யாரு மாமா வாசல்ல நிக்க வெக்கறா?" என்றார் வேலு. "இஷ்டம் இருந்தா போறேன், இல்லன்னா இல்ல. எனக்கு அந்தச் சத்தம் புடிக்கும்."

"உனக்குப் புடிக்கும். எனக்கு எங்கப்பா நின்னது ஞாபகம் வரும்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாங்கள் தோண்டுகிற ஊர்ப் பக்கம் புத்த பிக்குகள் மடத்தின் மாடியில் ஏறி இந்தச் சங்கைத்தான் ஊதுவார்கள் என்றேன்.

தங்கராஜ் நிமிர்ந்தார். "பிக்குங்களா? சாவுக்கா?"

"இல்லைங்க. விடிஞ்சிடுச்சு, எல்லாரும் வாங்கன்னு கூப்பிடறதுக்கு."

"நம்ம ராமேஸ்வரத்துச் சங்கையா?"

"அதேதான்."

அவர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடிங்க மேடம், காபி ஆறுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்குக் கிளம்பினோம். அனந்துவின் பழைய காரில் அனந்து, நான், வேலு, தங்கராஜ். மலைக்கு வழி தெரியும் என்று தங்கராஜ் தானாகவே நான்காவது ஆளாக வந்து ஏறிக்கொண்டார். ஐந்தாவது ஆள் ஸ்டெல்லா அக்கா. "இருபத்தஞ்சு வருஷமா இந்தக் காதுல எத்தன ஊர் கேட்டிருக்கேன்! நான் இல்லாம எப்படி?" என்று எலுமிச்சை சாதம், முட்டை, பேக்கரியில் வாங்கிய, உள்ளே தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் எல்லாவற்றோடும் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

தேவனஹள்ளி தாண்டியதும் காரிலிருந்து ஆவி கிளம்பியது. பக்கத்தில் தண்ணீர் இல்லை. இளநீர்க் கடைதான் இருந்தது. தங்கராஜ் இரண்டு இளநீரை வெட்டச் சொல்லிக் கையில் ஏந்தி ரேடியேட்டர் பக்கம் போக, "ஏய் பேடப்பா, பேடா! இஞ்சினுக்கு எளநீரா?" என்று அனந்து பாய்ந்து தடுத்தார். இளநீரை நாங்கள் குடித்தோம். தண்ணீர் தேடி, ஊற்றி, ஆறவிட்டு, தள்ளி, ஏறிக் கிளம்புவதற்குள் காலை வேளை நழுவிவிட்டது. மலைமேல் மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது.

கைபேசி இல்லாத காலம் அது. திட்டம் இதுதான். வேலுவும் நானும் நந்திக்கு எதிரே இருந்த குன்றில் ஏறுவோம். மற்றவர்கள் நந்தியின் உச்சிக்குக் காரில் போவார்கள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று ஒலிப்பதிவுக் கருவிகள். வேலு இரண்டு நீளம், ஒரு குட்டை என்று ஊதுவார். கேட்டால், ஸ்டெல்லா அக்கா தன் வீட்டுச் சிவப்புப் படுக்கைவிரிப்பை ஆட்டுவார். நான் தொலைநோக்கியில் பார்ப்பேன். உடைந்தால் மாற்றுச் சங்கு வேண்டுமென்று அனந்துவின் பையில் ஒன்றைப் போட்டுவைத்தேன்.

குன்று முள்ளும் பாறையுமாக இருந்தது. தவழ்ந்து, வழுக்கி, வேலுவின் கையைப் பிடித்து மேலே போனபோது எதிரே நந்தி மலை கம்பீரமாக நின்றது. தொலைநோக்கியைச் சரிசெய்தேன். ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அவ்வளவுதான். பால் பொங்குகிற மாதிரி பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து வந்து, நந்தியை விழுங்கி, எங்களையும் விழுங்கியது. நீட்டின என் கையே எனக்குத் தெரியவில்லை.

"ஊதட்டுமா மேடம்?"

"ஊதுங்க. ஆனா அவங்களுக்குக் கேட்டுச்சான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

வேலு ஊதினார். இரண்டு நீளம், ஒரு குட்டை. வெள்ளைக்குள் போய் மறைந்தது. காத்திருந்தோம். மேகம் முகத்தில் சொட்டியது. மறுபடி ஊதினார். எங்கோ ஒரு குரங்கு திட்டியது. மறுநாள் எனக்கு விமானம். இனி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒரு பாறையில் உட்கார்ந்து, முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

"இன்னொரு வாட்டி" என்றார் வேலு. உதடு வீங்கியிருந்தது. வயிற்றிலிருந்து எடுத்து ஊதினார்.

நான் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் காற்று இரைந்தது. பிறகு காற்றுக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று. ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். வெறுங்காதிலும் கேட்டது! முதலில் இருமல் மாதிரி உடைந்த ஒரு 'ப்பூ'. அப்புறம் ஒரு நீளம். இன்னொரு நீளம். ஒரு குட்டை. குட்டையின் கடைசியில் மேலே ஒரு சின்னத் தூக்கல்.

வேலு சிலை மாதிரி நின்றார். "மேடம், அது மாமா."

"யாரு? தங்கராஜா? அவர்தான் தொடவே மாட்டேன்னாரே!"

"அந்தக் கடைசித் தூக்கு கேட்டீங்களா? அது எங்கக்கா மாமனாரு ஊதறது. சின்ன வயசுல கேட்டிருக்கேன். வேற எவனுக்கும் வராது."

அதற்கு மேல் நாங்கள் இருவரும் வளர்ந்த மனிதர்கள் மாதிரி நடந்துகொள்ளவில்லை. வேலு ஊதினார், அங்கிருந்து பதில் வந்தது. மூன்று குட்டை ஊதினார், மூன்று குட்டை வந்தது. ஒரு நீளம் ஊதினால் ஒரு நீளம். நான் பாறையைச் சுற்றிச் சுற்றி ஆடினேன். பாவாடை முள்ளில் மாட்டிக் கிழிந்ததுகூடத் தெரியவில்லை. எதிரில் ஒரு மலை இருப்பதற்கு அடையாளமே இல்லை. ஆனால் அது எங்களோடு பேசிக்கொண்டிருந்தது.

இறங்கி நந்தியின் அடிவாரத்தில் அவர்களைப் பிடித்தபோது ஸ்டெல்லா அக்கா காரிலிருந்து குதித்து வந்தார்.

"மொதத் தடவயே எனக்குக் கேட்டுச்சும்மா! இந்த அனந்து சார் காதுல மிஷின மாட்டிக்கிட்டு வெறும் காத்துன்றாரு. நான் பெட்ஷீட்ட ஆட்டோ ஆட்டுன்னு ஆட்டறேன், ஆட்டற பெட்ஷீட்டு எனக்கே தெரியல! அப்புறம் திருப்பியும் கேட்டுச்சு. மூணாவது வாட்டி கேட்டதும் நம்ம தங்கராஜ் வந்தாரு. பையத் தொறந்தாரு, சங்க எடுத்தாரு, சட்ட நுனியால தொடச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். நெஞ்சுக்கூடு அதிர்ந்துச்சும்மா!"

தங்கராஜ் காரின் டயரை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அவன் அங்கேர்ந்து கூப்ட்டுக்கினே இருக்கான் மேடம்" என்றார். "பதில் சொல்லாம எப்படி நிக்கறது?"

வேலு வந்து அவர் தோளில் கையைப் போட்டார். தங்கராஜ் தட்டிவிடவில்லை. "மொத ஊது சொதப்பல், மாமா" என்றார் வேலு. "டேய், எத்தினி வருஷம் ஆச்சு!" என்று அவர் அடிக்கக் கை ஓங்கினார். சாலையோரமாக விரிப்பைப் போட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். மேகத்தில் நனைந்திருந்த அந்தத் தில்பசந்த் மாதிரி ஒன்றை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை.

சாயங்காலம் பிரேசர் டவுன் மசூதி ரோட்டில் ஒரு தொலைபேசி பூத்துக்குள் நுழைந்து சிங்கப்பூருக்குப் போட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஸ்டெல்லா அக்கா, தங்கராஜ், வேலு. தெரு முழுக்கக் கபாப் புகை. ஒலிப்பதிவுக் கருவியை ரிசீவர் பக்கம் பிடித்து ஓடவிட்டேன்.

"மறுபடி போடு" என்றார் லிம். போட்டேன். "இன்னொரு முறை." போட்டேன்.

"இது எதிர்மலையிலிருந்து வந்ததா?"

"ஆமாம் சார்."

"மூட்டம் இருந்ததா?"

"என் கையே எனக்குத் தெரியவில்லை."

"அந்த மூட்டத்தில் நான் எவ்வளவு பெரிய நெருப்பை மூட்டினாலும் உனக்குத் தெரிந்திருக்காது. உன் அத்தியாயம் இருக்கட்டும். திருத்த வேண்டியது என் கருத்தைத்தான்" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர் தொடர்ந்தார்: "பனி உருகியதும் அங்கேயே ஊதிப் பார்க்க வேண்டும். பதில் ஊதியது யார்?"

"ஒரு ஆட்டோ ஓட்டுநர்."

"நம் கோபுரம்வரை ஏறுவாரா என்று கேள்."

கதவைத் திறந்து தங்கராஜிடம் கேட்டேன். அவர் வேலுவைப் பார்த்தார். ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தார். காக்கிச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏறலாம் மேடம். திரும்பி வரச்சொல்லோ சவாரி கெடைக்காது. மீட்டருக்கு மேல எவ்ளோ போட்டுத் தருவாருன்னு கேளுங்க."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். மறுமுனையில் பேராசிரியர் லிம் சிரித்தார். நான் ரிசீவரைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. மசூதி ரோட்டு ஹாரன்களுக்கு நடுவிலும், வெளியே நின்ற மூன்று பேருக்கும் அது நன்றாகக் கேட்டது.